80 ஏக்கர் விஷயமா அம்மா எழுதறது

கண்ணா,

நேத்து போன்ல நீ மீட்டிங்குக்கு ஓடற அவசரத்துல பேசின, நானும் அடுப்புல பாலை வெச்சுட்டு பாதி காதுல கேட்டேன், அதான் எழுதறேன். வாய்ஸ் நோட் போட்டா நீ டபுள் ஸ்பீடுல ஓட்டிட்டு "ஓகே மா"ன்னு முடிச்சிடுவ.

நீயும் உன் ரெண்டு ஃபிரெண்ட்ஸும் சேந்து நம்ம ஐயோவா ஸ்டோரி கவுண்டில 80 ஏக்கர் விவசாய நிலம் வாங்கப் போறீங்க, பாதி கேஷ் பாதி லோன், குத்தகைக்கு விட்டா லோனை அதுவே கட்டிக்கும், இதானே பிளான்? உங்கப்பாவுக்கு தலைகால் புரியல, நிலம்னு சொன்னாலே அவருக்கு ஒரு மயக்கம், ராத்திரி பதினோரு மணிக்கு கவுண்டி மேப்பை திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கார். அவரை விடு. இத்தனை வருஷமா தானியம் வாங்கி சேமிக்கற எலிவேட்டர் ஆபீஸ்ல லாரிக்கு எடைச் சீட்டு, அதான் ஸ்கேல் டிக்கெட், போடறவ நான், ஐயோவால யாரு கையில காசு இருக்கு, யாரு கடன்ல ஓட்டறாங்கன்னு ஓரளவு தெரியும், அதனால கணக்கை நான் சொல்றேன்.

2024 ஐயோவா ஸ்டேட் யுனிவர்சிட்டி சர்வேல மாநில சராசரி ஏக்கருக்கு 11,467 டாலர். நம்ம பக்கம் நல்ல மண்ணு, அதுக்கு மேலதான் போகும், ஆனா சராசரியவே வெச்சுப்போம். 80 ஏக்கர்னா 9 லட்சத்து 17 ஆயிரம் டாலர். அதே வருஷம் குத்தகை சராசரி 279 டாலர், 80 ஏக்கருக்கு வருஷத்துக்கு 22,320. அதாவது போட்ட காசுக்கு ரெண்டரை சதவீதம் கூட இல்ல, அதுலதான் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கட்டணும், மண்ணுக்கு அடில தண்ணி வடியற டைல் குழாய் உடைஞ்சா சரி பண்ணணும். இப்ப பாதி லோன்னு வெச்சுக்கோ, 7 சதவீத வட்டின்னு வெச்சுக்கோ, வட்டி மட்டும் வருஷத்துக்கு 32,000. குத்தகை வட்டிக்கே பத்தாது, அசலுக்கு எங்க போவ?

நீ கேப்ப, அப்படின்னா ஏன்மா விலை இறங்கல, வாங்கறவன் எல்லாம் முட்டாளான்னு. நல்ல கேள்விதான். 2022 வசந்தத்துல மக்காச்சோளம் ஒரு புஷல் (இங்க தானியம் அளக்கற அளவு) 8 டாலர்கிட்ட போச்சு, 2024 ஆகஸ்ட்ல 4 டாலருக்கும் கீழ. ஆபீஸ்ல லாரி ஸ்கேல்ல ஏறினதும் ப்ரோப்னு ஒரு நீளக் குழாயை தானியத்துக்குள்ள விட்டு சாம்பிள் எடுப்போம்ல, ஈரம் 15 சதவீதத்தை தாண்டிச்சுன்னா காய வைக்கற கூலியும் எடைக்கழிவும் பிடிப்போம், முன்னெல்லாம் அதை கண்டுக்காம போறவங்க இப்ப டிக்கெட்டை கையில வாங்கி அங்கயே நின்னு ஒவ்வொரு வரியா படிக்கறாங்க. 2024ல ஐயோவால ஏக்கருக்கு 211 புஷல், ரெக்கார்டு விளைச்சல், வெளஞ்சும் பிரயோஜனம் இல்ல, வெதை, உரம், மருந்து, டீசல், குத்தகை எல்லாம் போக கையில நிக்கல. ஆனா நிலம்? அந்த வருஷம் 3.1 சதவீதம்தான் இறங்கிச்சு. விளையற பொருள் பாதி விலைக்கு வந்துடுச்சு, விளையற இடம் அசையவே இல்ல.

காரணம், யாரும் விக்கறதில்ல. ஐயோவா நிலத்துல மூணுல ரெண்டு பங்கு 65 வயசு தாண்டினவங்க பேர்ல இருக்கு, 84 சதவீத நிலத்து மேல ஒரு சென்ட் கடன் கிடையாது. கடன் இல்லாதவனை மக்காச்சோள விலை என்ன பண்ணும்? குத்தகை பத்து டாலர் குறைஞ்சா குறையட்டும்னு உக்காந்திருப்பான். அதோட டாக்ஸ் வேற. ஏக்கர் 400 டாலருக்கு அந்தக் காலத்துல வாங்கினதை இன்னிக்கு 12,000க்கு வித்தா நடுவுல இருக்கற மொத்த லாபத்துக்கும் டாக்ஸ், அதையே கண் மூடற வரைக்கும் வெச்சிருந்தா பிள்ளைங்க கைக்கு போறப்ப அன்னிக்கு மார்க்கெட் விலை என்னவோ அதுதான் அடக்க விலைன்னு ஆயிடும், பழைய லாபம் கணக்குலயே வராது. ஆபீஸுக்கு வர்ற ஒரு பாட்டிம்மா இருக்காங்க, 160 ஏக்கர், வீட்டுக்காரர் போய் ரொம்ப நாளாச்சு, பிள்ளைங்க யாரும் ஊர்ல இல்ல, விக்கலையான்னு கேட்டா "நான் போனதுக்கு அப்புறம் அவங்க வித்துக்கட்டும், இப்ப வித்தா வக்கீலும் கவர்மென்ட்டும்தான் சாப்பிடும்"னு சிரிக்கறாங்க.

தப்பித்தவறி ஒரு நிலம் வெளிய வந்தா ஏலத்துல எதிர்ல யாரு உக்காந்திருப்பாங்கன்னு நினைக்கற? பக்கத்து வயல்காரன். அவன்கிட்ட ஏற்கனவே 600 ஏக்கர் இருக்கு, ட்ராக்டர் இருக்கு, அறுவடை பண்ற கம்பைன் இருக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கற 80 ஏக்கர் அவன் ஆயுசுல ஒரு தடவைதான் விலைக்கு வரும், அதனால கணக்கு பாக்காம ஏத்துவான். இன்னொருத்தன் ஆங்கெனி டவுன் பக்கம் வீடு கட்டறவங்களுக்கு நிலத்தை வித்துட்டு டாக்ஸை தள்ளிப்போடறதுக்காக வேற நிலம் தேடறவன், அவனுக்கு 45 நாளுக்குள்ள எந்த நிலம்னு எழுதிக் குடுக்கணும், 180 நாளுக்குள்ள வாங்கி முடிக்கணும், அவன் அவசரம் அவனுக்கு. இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்க மூணு பேரு லேப்டாப்பை வெச்சுட்டு சியாட்டில்ல இருந்து பிட் பண்ணப் போறீங்க! ஜெயிச்சாலும் ரெண்டு பேரும் வேண்டாம்னு விட்ட விலைக்கு மேலதான் ஜெயிப்பீங்க.

நீ லிங்க் அனுப்பின சூ கவுண்டி ஏலம், 2022 நவம்பர்ல ஏக்கர் 30,000 டாலருக்கு போச்சே, அதை நம்ம ஊரோட சேக்காத. அது வடமேற்கு மூலை, பன்றி, மாடு, கோழின்னு அடைச்சு வளக்கற ஊரு, எருவை கொட்ட பக்கத்துலயே நிலம் வேணும், அவங்க வாங்கறது வேற கணக்கு.

இப்ப கடன் விஷயம், நான் எழுத உக்காந்ததே இதுக்குத்தான். 1970கள்ல வெளிநாட்டு ஏற்றுமதி ஜோரா இருந்துச்சு, பேங்க்காரன் வீட்டுக்கே வந்து கடன் குடுத்தான், நிலம் எங்கயும் ஓடாதுன்னு எல்லாரும் நீ சொல்ற அதே வசனத்தை சொல்லிட்டு இருந்தாங்க. 1980 ஜனவரில ஜனாதிபதி கார்ட்டர் சோவியத்துக்கு தானியம் அனுப்பறதை நிறுத்தினாரு, மத்திய வங்கித் தலைவர் வோல்க்கர் பணவீக்கத்தை அடக்கறேன்னு இழுத்துப் பிடிச்சதுல வட்டி 20 சதவீதத்தை தாண்டிச்சு. 1981ல ஐயோவா நிலம் சராசரி ஏக்கருக்கு 2,147 டாலர், 1986ல 787. நிலம் ஓடல, அங்கயேதான் இருந்துச்சு, வாங்கினவன்தான் ஊரை விட்டுப் போனான். அந்த பாட்டிம்மாவோட அண்ணன் அப்படி போனவர்தான், ஏலத்தன்னிக்கு அக்கம்பக்கத்துக்காரங்களே வந்து அவரோட கலப்பையை விலை கேட்டாங்களாம், அதை சொல்றப்ப மட்டும் அவங்க சிரிக்க மாட்டாங்க. விலை திரும்ப அந்த 2,147ஐ தாண்ட 2003 ஆயிடுச்சு. 22 வருஷம். கடன் இல்லாம அன்னிக்கு உக்காந்திருந்தவன் பேரப்பிள்ளைங்கதான் இன்னிக்கு ஏலத்துல உன் எதிர்ல கை தூக்கறது.

அதனால வாங்கவே கூடாதுன்னு சொல்லல. உன் சொந்த கேஷ்ல, 20 வருஷம் அந்தக் காசு இல்லைன்னே நினைச்சுட்டு இருக்க முடியும்னா 80 வேண்டாம், 40 பாரு, நானே கூட வர்றேன். ஆனா லோன் போட்டு, குத்தகை கட்டிக்கும்னு நம்பி, அது மட்டும் வேண்டாம்டா.

பாக்கறதா இருந்தா மண்ணோட தரத்துக்கு போடற சிஎஸ்ஆர்2 மார்க்கை மட்டும் பாத்து மயங்காத, 100க்கு 85ன்னு விளம்பரத்துல போடுவான். நம்ம பக்கம் ஒரு காலத்துல சதுப்பு நிலம், மண்ணுக்கு அடில டைல் குழாய் பதிச்சு தண்ணியை வடிச்சுத்தான் வயலாச்சு, அந்த டைல் அடைச்சிருந்தா மார்க் என்ன இருந்து என்ன. ஜூன்ல நல்ல மழை பேஞ்ச மறுநாள் போய் பாத்தா வயல் நடுவுல தட்டு தட்டா தண்ணி நிக்கும், அங்க பயிர் மஞ்சளா கணுக்கால் உசரத்துல நிக்கும், சுத்தி எல்லாம் முழங்காலுக்கு மேல இருக்கும், கண்ணுக்கே தெரியும். (அந்த டைல் வழியா ஆத்துக்கு போய் குடிதண்ணில கலக்கற நைட்ரேட்தான் தலைநகர் டிமாய்ன் பக்கம் 2025 ஜூன்ல புல்லுக்கு தண்ணி விடாதேன்னு சொல்ற வரைக்கும் கொண்டு விட்டது, அது தனி சண்டை.) அப்புறம் குத்தகைக்காரரை மாத்தணும்னா செப்டம்பர் 1க்குள்ள நோட்டீஸ் போயாகணும், இல்லைன்னா அடுத்த மார்ச்ல இருந்து இன்னொரு வருஷம் அவர்தான். நம்ம ஊர் வில்லங்கம் பாக்கற மாதிரி இங்க அப்ஸ்ட்ராக்ட்னு ஒரு கட்டு இருக்கும், முதல் சொந்தக்காரர்ல இருந்து கை மாறினதெல்லாம் அதுல வரிசையா இருக்கும், அதை வக்கீல் படிச்சு ஒப்பீனியன் குடுக்காம கையெழுத்து போடாத.

ஒண்ணு விட்டுட்டேன், இதுதான் முக்கியம். உன் ஃபிரெண்ட் ஒருத்தன் இன்னும் எச்1பி வேலை விசால இருக்கான்னு சொன்னியே? சிட்டிசன் இல்ல, க்ரீன் கார்டும் இல்லைன்னா ஐயோவால விவசாய நிலம் வாங்க முடியாது, 1980ல இருந்தே இருக்கற சட்டம், மீறினா நிலத்தை கவர்மென்ட்டே எடுத்துக்கலாம். எல்எல்சின்னு ஒரு கம்பெனி போட்டு நுழைஞ்சிடலாம்னும் நினைக்காதீங்க, கம்பெனி பேர்ல வாங்கறதுக்கும் தனியா கட்டுப்பாடு இருக்கு. பாவம் அந்தப் பையன் அட்வான்ஸுக்குன்னு ஸ்டாக்கை வித்துட்டு நிக்கப் போறான், இன்னிக்கே அவன்கிட்ட சொல்லிடு. உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்.

அம்மா