நாற்பது சதவீதக் கழிவு யாருடைய பங்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

புத்தகக் காட்சியில் 10 சதவீதம்தான் கழிவு தருகிறார்கள், இணையத்தில் 35, 40 என்று கிடைக்கிறது, பதிப்பாளர்கள் வாசகர்களைச் சுரண்டுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். 500 பக்கப் பழைய சரித்திர நாவல் 150 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, இன்று எழுதுகிறவரின் 200 பக்க நாவலுக்கு 250 ரூபாயா என்றும் கேட்டிருந்தார். நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்தி, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழைகளைக் களைந்து கொடுத்துப் பிழைப்பவள். கைக்கு மீறிப் புத்தகம் வாங்குபவளும்கூட. விலை குறைய வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அவர் செய்த ஒப்பீடு நியாயமில்லை.

அந்த 150 ரூபாய் நாவல் பெரும்பாலும் நாட்டுடைமையானதாக இருக்கும். 1949-இல் பாரதியின் படைப்புகளுக்கான உரிமையை அரசு பெற்றது முதல் எத்தனையோ பேருடைய எழுத்து அப்படிப் பொதுச்சொத்தாகியிருக்கிறது. குடும்பத்துக்கு அரசு ஒரு தொகை கொடுத்துவிடும். பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், ராயல்டி கிடையாது. ஊரறிந்த கதை என்பதால் ஆயிரக்கணக்கில் அடித்தாலும் விற்றுவிடும். நல்ல ஏற்பாடு அது. என் இளமைக்கால வாசிப்பில் பாதி அந்த மலிவுப் பதிப்புகள்தான். ஆனால் அந்த விலையை அளவுகோலாக வைத்து, அரிசியும் வாடகையும் இன்றைய விலையில் கொடுக்கும் எழுத்தாளரை அளப்பது எப்படி முறையாகும்?

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் 1,000, 1,200 பிரதி என்று அடித்த பதிப்பகங்களே இப்போது புதிய நாவலை 300 பிரதி போடத் தயங்குகின்றன. எண்ணிக்கை குறையக் குறைய ஒரு பிரதியின் அடக்கவிலை ஏறும். 250 ரூபாய் நூலில் கடைக்கு 30 சதவீதம் என்றால் 75 ரூபாய். எழுத்தாளருக்கு 10 சதவீதம், 25 ரூபாய். 300 பிரதியும் விற்றால்கூட அவர் கையில் 7,500 ரூபாய்தான் வந்து சேரும். மீதமுள்ள 150 ரூபாயில்தான் காகிதம், அச்சு, பைண்டிங், அட்டை வடிவமைப்பு, மெய்ப்பு, கிடங்கு வாடகை, விற்காமல் தங்கும் பிரதிகள் எல்லாம் அடங்க வேண்டும். அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது உண்மை. ஆனால் காகிதத்துக்கு உண்டு. 2025 செப்டம்பரில் அது 12-இலிருந்து 18 சதவீதமானது. நூலுக்கு வரி இல்லாததால், காகிதத்தில் கட்டிய வரியைப் பதிப்பாளர் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

இப்போது 40 சதவீதக் கழிவுக்கு வருவோம். 100 ரூபாய். கடைக்காரர் தன் பங்கு முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும் 25 ரூபாய் துண்டு விழுகிறது. எழுத்தாளரின் ராயல்டியும் அதே 25 ரூபாய்தான். பெரிய விற்பனையாளர்கள் பதிப்பாளரிடம் கூடுதல் கழிவு கேட்டு வாங்குகிறார்கள். அதைச் சமாளிக்கப் பதிப்பாளர் அட்டை விலையை ஏற்றுகிறார். ஏற்றிய விலையில் குறைத்துக் காட்டுவதைத்தான் நாம் லாபம் என்று நினைத்துக்கொள்கிறோம். கூடுதல் கழிவு வாங்க வலுவில்லாத தெருக்கோடிக் கடை, ஏற்றிய அதே விலையைச் சொல்லி வாடிக்கையாளரிடம் கெட்ட பெயர் வாங்குகிறது.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டு விழுவது என் வேலையில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மலிவுப் பதிப்பு ஒன்றை அண்மையில் வாங்கினேன். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். பழைய பதிப்பை ஸ்கேன் செய்து, கணினி படித்த எழுத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கணினிக்குத் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே பக்கத்துக்குப் பக்கம் ‘காலம்’ ‘கரலம்’ ஆகியிருந்தது, ‘பார்த்தான்’ ‘பரர்த்தான்’ ஆகியிருந்தது. உரையாடலின் மேற்கோள் குறிகள் பாதி இடங்களில் இல்லை. யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் கதாநாயகியின் பேச்சை அவள் மாமனார் தலையில் கட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல், 16 பக்க ஃபாரம் (ஒன்றாக மடித்துத் தைக்கும் தாள்கட்டு) ஒன்று இரண்டு முறை தைக்கப்பட்டு, அடுத்து வரவேண்டிய ஃபாரம் காணாமலே போயிருந்தது. கதையில் ஒரு சாவு நடக்கும் இடம் அது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று முதன்முதலாக இந்தப் பதிப்பில் அந்த நாவலைப் படித்தால் தமிழ் நாவல் என்றாலே இப்படித்தான் என்று நினைக்காதா? எனக்கு வயிறு எரிந்தது.

கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு சிறிய புத்தகக் கடை இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி வழிகாட்டிகளும் பள்ளி நோட்ஸும்தான் வாடகையைக் கட்டுகின்றன. ஆனாலும் கடைக்காரர் உள்ளே ஓர் அலமாரி முழுக்கக் கவிதையும் சிறுகதையும் வைத்திருக்கிறார். ஒரு மாலை, கல்லூரி மாணவர் ஒருவர் செல்பேசியில் விலையைக் காட்டி, “இதில் 35 சதவீதம் குறைவு, நீங்கள் எவ்வளவு குறைப்பீர்கள்?” என்றார். “தம்பி, எனக்கு வாங்கும் விலையே அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நின்று படித்துவிட்டுப் போங்கள், பிடித்திருந்தால் வாங்குங்கள்” என்றார் கடைக்காரர். அந்தப் பையன் வெகுநேரம் நின்று படித்தார். வாங்கவில்லை. அவர்மீது எனக்குக் கோபமில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு 250 ரூபாய் சில வேளைச் சாப்பாடு. ஆனால் அந்த அலமாரி இல்லாவிட்டால் அப்படி ஒரு நூல் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

புத்தகக் காட்சியின் 10 சதவீதத்தைக் கஞ்சத்தனம் என்கிறார் கடிதம் எழுதியவர். எனக்கு அதில்தான் நியாயம் தெரிகிறது. சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நந்தனத்தில் சிறிய அரங்கிலும் பெரிய அரங்கிலும் அதே 10 சதவீதம் என்பதால்தான் நாம் விலையை ஒப்பிட்டு அலையாமல் நூலைப் பார்த்து வாங்குகிறோம். பிரான்ஸில் 1981-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: புதிய நூலுக்குப் பதிப்பாளர் குறித்த விலையில் 5 சதவீதத்துக்கு மேல் எந்தக் கடையும் குறைக்கக்கூடாது. 2023 அக்டோபர் முதல், 35 யூரோவுக்குக் குறைவாக இணையத்தில் நூல் வாங்கினால் வீட்டுக்கு அனுப்பக் குறைந்தது 3 யூரோ வசூலிக்க வேண்டும் என்றும் ஆக்கினார்கள். இங்கே புத்தகக் காட்சியை நடத்தும் பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசியாவது, புதிய நூல்களுக்கு முதல் ஓராண்டில் இவ்வளவுக்கு மேல் கழிவு இல்லை என்று ஒரு பொது வரம்புக்காகப் பதிப்பாளர்களையும் இணைய விற்பனையாளர்களையும் உட்காரவைத்துப் பேசலாம்.

பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகம் வாங்குவதில் தவறே இல்லை. அந்தப் பிரதிக்கு யாரோ ஒருவர் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப் அப்படியல்ல, அது திருட்டு.

அப்படியென்றால் பணமில்லாதவர் படிக்கவே கூடாதா? அதற்குத்தான் நூலகம். 1948-இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியோடு அதில் 10 சதவீதம் நூலக வரியாகவும் சென்னையில் வசூலிக்கப்படுகிறது. வீட்டுக்காரர் கட்டினாலும் அது வாடகையாக நம் தலையில்தான் வந்து விழுகிறது. அதாவது மலிவு நூலுக்கான பணத்தை நாம் முன்பே கொடுத்துவிட்டோம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, எழும்பூரில் கன்னிமாரா இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் வீட்டுக்குப் பக்கத்துக் கிளை நூலகத்தில், அந்த மாணவர் மாலையில் நடந்து போகும் தூரத்தில், சென்ற ஆண்டு வந்த நாவல் இருக்க வேண்டும். நூலகத் துறை ஆண்டுதோறும் தவறாமல் நூல் வாங்கி, உரிய விலையைக் காலத்தில் கொடுத்தால் பதிப்பாளர் துணிந்து 1,000 பிரதி அடிப்பார். அடக்கவிலை இறங்கும். கடையில் வாங்குபவருக்கும் விலை குறையும்.

உங்களிடம் என் கோரிக்கை இதுதான். ஜனவரியில் புத்தகக் காட்சிக் கூட்டத்தைப் படமெடுத்துப் போடுகிறீர்கள். அதனுடன், சென்னை மாநகராட்சி அந்த ஆண்டு வசூலித்த நூலக வரி எவ்வளவு, அதில் நூலகத் துறைக்குச் சென்றது எவ்வளவு, நூல் வாங்கச் செலவானது எவ்வளவு என்று உங்கள் செய்தியாளர்கள் கேட்டு வாங்கி, ஒவ்வோர் ஆண்டும் முதல் பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை-5