நிறுத்தப்பட்ட இரவு 9 மணிப் பேருந்துக்கு நிதி ஒதுக்கக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்: கடைசி நிறுத்தப் பகுதிக் குடியிருப்போர்
பெறுநர்: மண்டல அதிகாரி அவர்கள், போக்குவரத்துத் துறை
பார்வை: இதே பொருளில் நாங்கள் கொடுத்த மூன்று மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதி தங்களுக்குப் புதிதல்ல. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் இருக்கும் நிழற்குடையின் திறப்பு விழாவுக்குத் தாங்களே நேரில் வந்திருந்தீர்கள். அந்த நிழற்குடைக்கு இப்போது இரவு 7.30க்குப் பிறகு பஸ் கிடையாது. மூன்று மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறோம். பதில் ஒன்றுகூட வரவில்லை.

1. கலெக்‌ஷன் இல்லை என்றுதான் 9 மணி டிரிப்பை நிறுத்தினார்கள். அதில் ஏறுகிறவர்கள் குறைவுதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் திரும்பி வர வண்டி இல்லையென்றால் காலையிலும் யாரும் பஸ்ஸில் போவதில்லை. கடன் வாங்கி டூவீலர் எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் பகல் பஸ்ஸிலும் கூட்டம் குறைகிறது. மதியம் 2 மணி வண்டியும் அப்படித்தான் போனது.

2. டயாலிசிஸ். இந்த மனுவே இதற்காகத்தான் ஐயா. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு மாலை ஷிஃப்ட்தான் கிடைத்திருக்கிறது. மெஷினிலிருந்து எடுத்து, ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்து, பிரஷர் பார்த்து அனுப்பும்போது மணி எட்டைத் தாண்டிவிடுகிறது. வாரம் மூன்று முறை ஆட்டோ வைக்க அந்த வீட்டில் வழியில்லை. வேறு தடத்துப் பஸ்ஸில் கூட்ரோடு வரை வந்து அங்கிருந்து நடக்கிறார்கள். தலை சுற்றும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அவர் மனைவி பாலத்துக் கட்டையில் உட்கார வைத்து, உட்கார வைத்துக் கூட்டிவருகிறார். போன மாதம் ஒரு நாள் நடுவழியில் பஞ்சு நனைந்து, ரத்தம் சட்டைக் கைக்கு இறங்கிவிட்டது. செல்போனை வாயில் கவ்விக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் கட்டைவிரலால் அழுத்தியபடி அந்த அம்மா சாலையோரம் உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். வாரம் ஒரு நாள் போகாமல் விட்டால் என்ன என்று அவர் கேட்கிறார். விட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகும். அது தெரிந்தும் கேட்கிறார். நாங்கள் என்ன சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

3. வார்டு உறுப்பினரைப் பார்த்தோம், சட்டமன்ற உறுப்பினரையும் பார்த்தோம். துறையிலிருந்து குறிப்பு வரட்டும், பேசுகிறேன் என்கிறார்கள். உங்கள் அலுவலகத்திலோ, அரசு நிதி ஒதுக்கட்டும், வண்டி விடுகிறோம் என்கிறார்கள். யார்தான் முதலில் எழுதுவது?

4. பஸ்ஸுக்கான பணம் டிக்கெட்டிலிருந்து மட்டும்தான் வரவேண்டும் என்று எங்கும் விதி இல்லை. பாரிஸ் வட்டாரத்தில் 1971 முதல் நிறுவனங்களிடம் வரி வாங்கிப் பொதுப் போக்குவரத்துக்குச் செலவிடுகிறார்கள். லண்டனில் 2003 முதல் நகர மையத்துக்குள் வரும் கார்களிடம் நெரிசல் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தப் பணமும் போக்குவரத்துக்குத்தான். நாங்கள் கேட்பது ஒரே ஒரு டிரிப்.

5. இந்த முறை மனுவோடு நிற்கப்போவதில்லை. பட்ஜெட்டுக்கு முன்னால் உங்கள் உறுப்பினரைப் போய்ப் பாருங்கள் என்று வீடு வீடாகச் சொல்லி வருகிறோம். வெறுமனே பஸ் வேண்டும் என்று கேட்காமல், எந்த நிறுத்தம், எத்தனை மணி, வீட்டில் எத்தனை பேர் போகவேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்கிறோம். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்தவர்களிடம் நிதி கேட்டுப் போக எங்களுக்கு என்ன கூச்சம்? அவர்கள் கையில் உங்கள் குறிப்பும் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

ஆகவே, 9 மணி டிரிப்புக்கு ஆகும் செலவையும் விழும் துண்டையும் கணக்கிட்டு, நிதி ஒதுக்கப் பரிந்துரைத்து அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஒரு பக்கக் குறிப்பு போதும் ஐயா. அதுவரை வாரத்தில் அந்த மூன்று நாளாவது வண்டியை விடுங்கள். தயவுசெய்து விடுங்கள்.

நாளை மறுநாள் அவருக்கு மறுபடியும் டயாலிசிஸ்.

இப்படிக்கு,
கடைசி நிறுத்தப் பகுதிக் குடியிருப்போர்
(கையெழுத்துகள் இணைப்பில்)