கிட்டிவேக் ஏன் சண்டைக்குப் போகவில்லை?

ஹிமாத்ரி ஆய்வு நிலையம், ஸ்வால்பார்ட்
ஜூன் 16

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரிய பறவை முட்டையைக் கவ்விக்கொண்டு போகும்போது தாய்ப்பறவை ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று, நான் அனுப்பிய படத்தைப் பார்த்துக் கோபமாகக் கேட்டிருந்தாய். எனக்கும் முதலில் அந்தக் கோபம் வந்தது. நான் வந்தது கடலடி வண்டல் எடுக்கத்தான். ஆனால் ஏப்ரலிலிருந்து சூரியன் மறையாத இந்த ஆர்க்டிக் ஊரில் வேலை முடிந்த பிறகும் வெளிச்சம் மிச்சமிருப்பதால், பனிக்கரடிக்காகத் துப்பாக்கியோடு ஒருவர் காவல் நிற்க, பாறைச் சரிவில் கடற்காகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தரையில் கூடு வைக்கும் ஆலா என்ற கடற்பறவைகள் இங்கே நம் தலையைக் கொத்தவே வருகின்றன. அந்த வழியாகப் போகும்போது ஒரு குச்சியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறோம். நீ படத்தில் பார்த்த, சும்மா உட்கார்ந்திருந்த பறவை கிட்டிவேக் என்ற ஒரு வகைக் கடற்காகம். அது அப்படியில்லை. நரியால் ஏற முடியாத செங்குத்துப் பாறையில், கையகல விளிம்பில், சேற்றையும் பாசியையும் மிதித்துக் கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டை இட்டு, இணைகள் முறைவைத்து ஏறத்தாழ 27 நாள் அடைகாக்கின்றன. அந்தப் பாறைதான் அதன் காவல். அதனால் மற்ற கடற்காகங்களைப் போல எதிரியை விரட்டும் வேகமோ ஒளிந்துகொள்ளும் பழக்கமோ அதற்கு இல்லை என்று 1957இலேயே எஸ்தர் கல்லன் என்ற ஆய்வாளர் விளக்கியிருக்கிறார். பொரித்த முட்டையின் ஓட்டைக்கூட அது அப்புறப்படுத்துவதில்லை. எச்சம் வழிந்து வெள்ளையடித்தாற்போல் இருக்கும் கூட்டை எதற்காக ஒளிக்க வேண்டும்? குஞ்சுகளும் ஓடுவதில்லை, ஓடினால் கடல்தான்.

காற்றில்லாத நாளில், முட்டையைக் கவ்விய அந்தப் பெரிய வெள்ளைச் சிறகுக் கடற்காகத்தால் விளிம்பில் கால் வைக்க முடியாது. நான் படமெடுத்த அன்று பலத்த காற்று. அது சிறகை விரித்துப் பாறையோரம் அப்படியே மிதந்து நின்றது, எட்டி எடுத்தது, போய்விட்டது. அந்தப் பெரிய பறவைக்கும் உச்சியில் ஒரு கூடு இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன், நீ அதன்மேல் கோபப்படுவதற்கு முன்.

நேற்று அதே கூட்டைப் பார்த்தேன். மிஞ்சிய ஒற்றை முட்டையின் மேல் இணைகளுள் ஒன்று உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே தோற்றம் என்பதால் ஆணா பெண்ணா என்று சொல்லத் தெரியவில்லை. ஜூலை முதல் வாரத்தில் பொரிக்க வேண்டும். 10ஆம் தேதி வரை நான் இங்கே இருப்பேன்.

அன்புடன்,
அம்மா