செயலாளர் அறிக்கை 2024–2025: இணையத்தளம் இடம் மாறிய ஆண்டு

கௌரவ தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எமது ஊர்ச் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான காலத்துக்குரிய செயலாளர் அறிக்கையை இப்பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கிறேன். நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. ஊர்ப் பாடசாலைக்கான புலமைப்பரிசில் நிதி உரிய காலத்தில் போய்ச் சேர்ந்தது. வாணி விழாவும் பொங்கல் ஒன்றுகூடலும் வெள்ளவத்தையில் நடந்தன. பேச்சாளர்களின் நேரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வழமையான முறைப்பாடு இம்முறையும் கூட்டறிக்கையில் ஏறியிருக்கிறது. எம்மை விட்டுப் பிரிந்த அங்கத்தவர்களுக்கு சங்கத்தின் அஞ்சலி உரித்தாகட்டும். வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார்.

மிகுதி நேரத்தை ஒரே விடயத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன். கலியாண வீட்டில், செத்த வீட்டில், தொலைபேசியில் என்று இந்த ஆண்டு என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "எங்கட வெப்சைட்டுக்கு என்ன நடந்தது?" என்பதுதான். லண்டனிலும் ஸ்காபரோவிலும் இருப்பவர்கள் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்கள். மறுமொழி நீளமானது.

ஏ9 பாதை திறந்து ஊருக்குப் போய்வரத் தொடங்கிய 2002ஆம் ஆண்டில் எமது தளம் உருவானது. அதைக் கட்டியவர் எமது முன்னாள் செயலாளர். பெயர் சொல்லக்கூடாது என்பது அவருடைய கட்டளை; ஆகவே அண்ணை என்றே சொல்கிறேன். அவர் பயன்படுத்தியது மைக்ரோசொஃப்டின் ஃப்ரொன்ட்பேஜ். வேர்டில் கடிதம் எழுதத் தெரிந்தவர் அதில் இணையப் பக்கம் செய்துவிடலாம். ஃப்ரொன்ட்பேஜின் கடைசிப் பதிப்பு 2003க்குரியது. 2006இன் இறுதியில் மைக்ரோசொஃப்ட் அதைக் கைவிட்டு, அதன் இடத்துக்கு எக்ஸ்பிரஷன் வெப் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. அண்ணை அதற்கு மாறினார். பழைய கோப்புகள் அப்படியே திறந்ததால் அந்த மாற்றம் வெளியில் ஒருவருக்கும் தெரியவில்லை. வருகையாளர் எண்ணியும் கருத்துப் படிவமும் மட்டும் நின்றுபோயின. ஃப்ரொன்ட்பேஜுக்கென்று வழங்கியில், அதாவது தளத்தை வைத்திருக்கும் கணினியில், பூட்டியிருந்த தனி நீட்சிகளில்தான் அவை ஓடிக்கொண்டிருந்தன.

எக்ஸ்பிரஷன் வெப்பில் அண்ணைக்குப் பிடித்தது அதன் வார்ப்புரு வசதி. தலைப்பும் பக்கவாட்டுப் பட்டியலும் ஒரு கோப்பில் இருக்கும். புதிய நிர்வாக சபை தெரிவானதும் அந்த ஒரு கோப்பில் பெயர்களை மாற்றினால் நூற்றுக்கணக்கான பக்கங்களும் மாறிவிடும். உண்மையில் நல்ல மென்பொருள். 2012 டிசம்பரில் அதுவும் நிறுத்தப்பட்டது. நான்காம் பதிப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், தொழில்நுட்ப உதவி கிடையாது என்று அறிவித்தார்கள். இலவசம் என்ற சொல்லைக் கேட்டு அன்றைய கூட்டத்தில் கைதட்டியதாகக் கூட்டறிக்கைப் புத்தகம் சொல்கிறது.

நிறுத்திய மென்பொருள் அறிவித்த அன்றே செத்துப்போவதில்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல். கணினியில் ஏற்றியாயிற்று; பொத்தானை அழுத்தினால் திறக்கிறது; பக்கம் செய்கிறது. ஆகவே மாற வேண்டிய நாள் இதுதான் என்று சொல்ல ஒரு நாளும் வருவதில்லை. இதற்கிடையில் பார்க்கிறவர்கள் கைத்தொலைபேசிக்குப் போய்விட்டார்கள். எமது பக்கங்களோ பழைய கணினித் திரையின் அகலத்துக்கு அட்டவணை போட்டுக் கட்டியவை. இரண்டு விரலால் இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். 2018 ஜூலையில் இருந்து குரோம் உலாவி, மறையாக்கம் இல்லாத எல்லாத் தளங்களையும் போல எமது தளத்தையும் 'பாதுகாப்பற்றது' என்று முகவரிக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்டத் தொடங்கியது. ஊர்க் கோயில் திருவிழா விபரம் பார்க்க வந்த ஒரு அம்மா, கள்ளர் பூந்துவிட்டார்கள் என்று பயந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

எழுத்துரு இதைவிடப் பெரிய பிரச்சினை. 2002 தொடங்கிப் பல ஆண்டுகளுக்குரிய பக்கங்கள் பாமினியில் இருந்தன. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. இலங்கையில் அச்சகம் முதல் பாடசாலை அலுவலகம் வரை எல்லா இடத்திலும் அதுதான் ஓடியது. எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். இதைத் தவிர்க்க அந்தக் காலத்தில் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் ஒரு வழி இருந்தது. ஆனால் அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே வேலை செய்தது. 2022 ஜூனில் அந்த உலாவியும் ஓய்வுபெற்றுவிட, எமது ஊரின் வரலாறு இணையத்தில் இருந்தும் வாசிக்க ஆளில்லாமல் கிடந்தது.

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் அண்ணையின் மடிக்கணினி எழும்பவில்லை. விண்டோஸ் 7 கணினி அது. அதற்கான ஆதரவே 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது. புதிய கணினியில் எக்ஸ்பிரஷன் வெப்பை ஏற்றித் தரலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஏற்றினால் ஓடியும் இருக்கும். நிர்வாக சபையில் அண்ணை சொன்னது இதுதான்: "தம்பி, ஓடுற சாமானை ஏன் கழட்டுறியள்? எனக்குக் கை பழகின சாமான்." எமது உப செயலாளர் கேட்டார்: "அண்ணை, உங்களுக்குக் கை பழகியிருக்கு. உங்களுக்குப் பிறகு ஆருக்கு?" அறையில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு அண்ணையே சிரித்துவிட்டு, "சரி, பழைய கோப்பு எல்லாம் வன்தட்டில இருக்கு, முதல்ல அதை எடுங்கோ" என்றார். சபையின் தீர்மானம் அங்கேதான் பிறந்தது, தீர்மான இலக்கம் பிறகு போட்டதுதான்.

எதற்கு மாறுவது என்பதில் மூன்று கூட்டங்கள் போயின. இளையவர்கள் சிலர் தளமே வேண்டாம், முகநூல் பக்கமும் வட்ஸ்அப் குழுவும் போதும் என்றார்கள். கொழும்பில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கு வியப்பாக இருந்தது. 2018 மார்ச்சில், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3ஆம் திகதி என்று இந்த நாட்டில் சமூக ஊடகங்களை முடக்கிய நாட்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். எந்த நாளில் செய்தி தேவையோ அந்த நாளில்தான் அவை மூடப்பட்டன. அதைவிட, முகநூலில் போட்ட மரண அறிவித்தலை மூன்று வருடத்துக்குப் பிறகு தேடி எடுத்தவர் எவராவது இங்கே இருந்தால் கை உயர்த்தலாம்.

இன்னொரு தரப்பு, மாதச் சந்தா கட்டி இழுத்து வைத்துத் தளம் செய்யும் வெளிநாட்டுச் சேவைகளைச் சொன்னது. அழகாக இருக்கும், இலகுவாகவும் இருக்கும். கட்டணம் டொலரில். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டபோது இருநூறு ரூபாவாக இருந்த டொலர் அடுத்த மாதமே முந்நூறைத் தாண்டியதைப் பொருளாளர் நினைவூட்டினார். இதில் அவர் பேசினால் எதிர்ப்பேச்சு இல்லை. என் தயக்கம் வேறு. காசு கட்டினால் மென்பொருள் நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அடோபி நிறுவனத்தின் தளம் செய்யும் மென்பொருளான மியூஸ் மாதச் சந்தாவில்தான் வந்தது. அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக 2018 மார்ச்சில் அறிவித்தார்கள். 2020 மார்ச்சோடு ஆதரவும் முடிந்தது. அப்பிளின் ஐவெப் மென்பொருளில் தளம் செய்து அதன் மொபைல்மீ சேவையில் வைத்திருந்தவர்கள் 2012 ஜூன் 30க்கு முன் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. யாஹுவின் இலவசத் தளச் சேவையான ஜியோசிட்டீஸ் 2009 ஒக்ரோபரில் மூடியபோது இலட்சக்கணக்கான சின்னத் தளங்கள் போயின. பெரிய நிறுவனத்தின் பொருள் என்றால் பயமில்லை என்று நினைக்கிறவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும். எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பதை விட்டு, நாளைக்கு இதையும் நிறுத்தினால் எமது எழுத்தையும் படத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குள் இணக்கம் வந்தது.

அப்படிப் பார்த்து, இணையத்தளம் செய்யும் மென்பொருளான வேர்ட்பிரஸைத் தெரிவுசெய்தோம். 2003 முதல் இருக்கிறது, திறந்த மூலம் (மூல நிரல் எவருக்கும் திறந்தது), எந்தத் தனி நிறுவனமும் நினைத்த மாத்திரத்தில் கடையை மூட முடியாது. உலகத் தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. எனவே தெரிந்தவர் வெள்ளவத்தையிலும் கிடைப்பார், கொட்டாஞ்சேனையிலும் கிடைப்பார். எழுத்து முழுவதையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யலாம்; படங்களைத் தனியே எடுக்க வேண்டும். நிர்வாகப் பக்கத்துக்கு 'தமிழ் (இலங்கை)' என்று தனியாகவே ஒரு மொழித் தெரிவு உண்டு. வைத்திருக்கும் இடத்தையும் ரூபாவில் கட்டணம் வாங்கும் உள்நாட்டு வழங்கிக்கு மாற்றினோம்.

கண்ணை மூடிக்கொண்டு தெரிவுசெய்ததாக நினைக்க வேண்டாம். வேர்ட்பிரஸிலும் 2018 டிசம்பரில் 5.0 பதிப்பு வந்தபோது எழுதும் திரையே தலைகீழாக மாறி, பழையதில் பழகியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். கூடுதல் வசதிக்காக அதில் பூட்டும் செருகுநிரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் செய்தவை. செய்தவர் கைவிட்டால் எக்ஸ்பிரஷன் வெப்பின் கதைதான். ஆகவே பக்கம் கட்டும் பெரிய செருகுநிரல்கள் எதையும் போடுவதில்லை என்று முடிவுசெய்தோம். அவற்றில் சிலதை அகற்றினால் எழுத்துக்கு நடுவே அடைப்புக்குறிக் குப்பைகள் மிஞ்சும். தளம் கொஞ்சம் எளிமையாகத் தெரிவது இதனால்தான்.

இடம் மாற்றிய வேலையில் பாதிக்கு மேல் பாமினியில் போனது. மாற்றிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஒரு பக்கத்தைப் போட்டால் நொடியில், எல்லாக் கணினியிலும் வாசிக்கக்கூடிய பொது எழுத்து முறையான யுனிகோடு வரும். வந்ததைத் திருத்தத்தான் ஆள் வேண்டும். ஊடே ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளெல்லாம் உச்சரிக்க முடியாத தமிழாக வந்தன. அடுத்தது கொம்பு. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே விசை. ஆகவே 'கௌரவ' என்று வர வேண்டிய இடமெல்லாம் கொம்பு, ககரம், தனி ளகரம் என்று வந்து நின்றது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படாது. சங்க அறிக்கையில் கௌரவ தலைவர், கௌரவ செயலாளர், கௌரவ பொருளாளர் என்று இந்தச் சொல் இல்லாத பக்கமே இல்லை. சரி, எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவோம் என்று எமது இளைஞர் ஒருவர் கட்டளை கொடுத்தார். 'கௌரவ' திருந்தியது, ஆனால் கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் 'வெள்ளவத்தை' எல்லாம் உடைந்தது. சங்கத்தின் முகவரியே அதுதான். பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் பக்கம் பக்கமாக இருந்து வாசித்துத் திருத்தினார்கள். அவர்களுக்கு இச்சபை எழுந்து நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படங்களிலும் ஒரு தொல்லை. பழைய வழங்கி விண்டோஸில் ஓடியது. கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் பார்க்காது. புதியது லினக்ஸ், பார்க்கும். தேர்த் திருவிழாப் படங்களில் பாதி காணாமல் போனதற்கு அதுதான் காரணம், ஒருவரும் அழிக்கவில்லை. வன்தட்டிலும் இல்லாத சில பக்கங்களை பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் இருந்து மீட்டோம். பழைய முகவரிகளை அழுத்தினாலும் புதிய பக்கத்துக்குப் போகும்படி வழிமாற்றம் செய்திருக்கிறோம். கனடாவில் உள்ள ஒருவர் 2005இல் சேமித்து வைத்த இணைப்பு இப்போதும் திறக்கிறது. எமது ஆண்டு மலர்களின் பிரதிகளை, 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுக்க வேண்டும் என்பது நிர்வாக சபையின் முன்மொழிவு. ஒரே இடத்தில் வைத்திருப்பது போதாது.

தளத்தின் பெயர் இதுவரை ஒரு தனி அங்கத்தவரின் பெயரில் பதிவாகியிருந்தது. அவர் புலம்பெயர்ந்து நெடுங்காலம். நல்ல மனிதர், கேட்டவுடனே எழுத்தில் சம்மதம் தந்தார். இப்போது பதிவு சங்கத்தின் பெயரில் இருக்கிறது. மற்ற ஊர்ச் சங்கங்களின் செயலாளர்கள் இங்கே வந்திருந்தால், வீட்டுக்குப் போனதும் உங்கள் தளத்தின் பெயர் எவர் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மென்பொருள் பிறகு.

புதிய தளம் பற்றி முறைப்பாடுகள் உண்டு. மேலே ஓடிக்கொண்டிருந்த எழுத்து வரி இல்லை, குத்துவிளக்குக் கரை இல்லை, முகப்பைத் திறந்தால் நாதஸ்வரம் கேட்பதில்லை. கரையைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறோம். நாதஸ்வரத்துக்கு நான் சம்மதிக்கமாட்டேன். அலுவலகத்தில் திறந்தவர்கள் பட்ட பாட்டை நான் அறிவேன்.

இனி ஆக வேண்டியவை. பழைய தளம் சும்மா விட்டாலும் கிடக்கும், இது அப்படியல்ல. இற்றைப்படுத்தாமல் விட்ட வேர்ட்பிரஸ் தளத்துக்குள் புகுவது இலகு. மாதம் ஒருமுறை இற்றைப்படுத்தி, முழுப் பிரதி ஒன்றை எடுத்து, வழங்கிக்கு வெளியே இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். இதற்கு இருவர் கொண்ட உபகுழுவை இன்றே தெரிவுசெய்யுமாறு கேட்கிறேன்; ஒருவராவது முப்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்கட்டும். கடவுச்சொற்களை மூடிய உறையில் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு பொதுக்கூட்டத்துக்கும் பிறகு அவை மாற்றப்படும். சங்கக் கணினியில் உள்ள விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் ஆதரவு முடிந்துவிட்டது. அதற்கான செலவைப் பொருளாளரின் வரவு செலவுத் திட்டத்தில் நான்காவது பந்தியில் காணலாம்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

கௌரவ செயலாளர்
கொழும்பு