வயோமிங் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு: கிளிஃப் ஹான்சனை முழுதாக நினைவில் வையுங்கள்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் இருக்கும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் வாக்காளன் இல்லை. உங்கள் மலைகளின் மேல் ஆசை வைத்து, அந்த நிலத்தின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகப் படித்துவரும் ஒரு தமிழன். என் ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

உங்களில் பலர் மாட்டுப் பண்ணைக்காரர்கள். இரட்டைப்படை ஆண்டுகளில் பிப்ரவரியில் பட்ஜெட் கூட்டம் தொடங்கும் நேரம்தான் பண்ணைகளில் பசுக்கள் கன்று போடும் நேரமும். இரண்டு ஆண்டுக்கு மொத்தமே 60 அவை நாட்கள் என்று உங்கள் அரசியல் சாசனம் வரம்பு வைத்திருக்கிறது. அதனால்தான் தொழுவத்தை மகனிடமோ பக்கத்துப் பண்ணைக்காரரிடமோ ஒப்படைத்துவிட்டு, தலைநகர் ஷையெனுக்கு வந்து உட்கார முடிகிறது. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். நிலத்தைப் பற்றிச் சட்டம் போடுகிறவர்களுக்கு நிலம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் முன்னாள் கவர்னரும் பண்ணைக்காரருமான கிளிஃபோர்ட் ஹான்சனைப் பற்றி உங்களிடம் பேச நினைத்ததற்குக் காரணமும் அதுதான்.

அவர் பிறந்தது 1912-இல், ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கில் குடியேறிய ஒரு பண்ணைக் குடும்பத்தில். சின்ன வயதில் கடுமையான திக்குவாய். அதைச் சரிசெய்யத் தொலைவில் ஒரு பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர் பின்னாளில் கவர்னராகவும் அமெரிக்க செனட்டராகவும் பேசிப் பேசியே பெயர் வாங்கினார். வயோமிங் பல்கலைக்கழகத்தில் 1934-இல் பட்டம் பெற்று, திருமணம் முடித்து, பண்ணைக்கே திரும்பினார். குளிர்காலத்துக்குப் புல்லை அறுத்துக் காயவைப்பது, கோடையில் மாடுகளை உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிப் போவது, பனி விழும் முன் இறக்கிக்கொண்டு வருவது என்று போனது வாழ்க்கை. பள்ளத்தாக்கில் சொந்த நிலம் கொஞ்சம்தான். கோடை மேய்ச்சலுக்கு அரசு நிலத்தை நம்பித்தான் எல்லாரும் இருந்தார்கள்.

அப்புறம் 1943 மார்ச் 15 வந்தது. அதிபர் ரூஸ்வெல்ட், நாட்டின் நாடாளுமன்றமான காங்கிரஸைக் கேட்காமலே ஒரு கையெழுத்தில் 2,21,000 ஏக்கரை ஜாக்சன் ஹோல் தேசிய நினைவுச்சின்னமாக, அதாவது அரசு பாதுகாக்கும் நிலப்பகுதியாக, அறிவித்தார். பண்ணைக்காரர்களின் கோபம் அன்று முளைத்ததில்லை. ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் 1920-களின் கடைசியிலிருந்து ஸ்னேக் ரிவர் லேண்ட் கம்பெனி என்ற பெயரில், தன் பெயர் வெளியே தெரியாமல், பண்ணை பண்ணையாக வாங்கிச் சேர்த்திருந்தார். விற்ற பலருக்கு யாரிடம் விற்கிறோம் என்றே தெரியாது. இவ்வளவு நிலமும் அரசுக்குப் போனால் கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) வரி வருமானம் என்னாவது, மேய்ச்சல் உரிமை என்னாவது என்று அவர்கள் பயந்தார்கள். நியாயமான பயம். அதை இன்றைக்கும் யாரும் லேசாகப் பேசக் கூடாது என்பேன்.

அந்த ஆண்டு மே மாதம் ஹான்சனும் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களும் துப்பாக்கிகளோடு குதிரை ஏறி, 500-க்கும் மேற்பட்ட கிடாரிகளை, அனுமதி எதுவும் கேட்காமல், புதிய எல்லைக்குள் ஓட்டிப் போனார்கள். நடிகர் வாலஸ் பீரியும் கூடவே போனதால் செய்தி நாடு முழுக்கப் பரவியது. ஹான்சனுக்கு அப்போது 30 வயது, ஜாக்சன் ஹோல் இருக்கும் டீட்டன் கவுன்டியின் ஆணையர். அந்த நினைவுச்சின்னத்தை ஒழிக்க உங்கள் காங்கிரஸ் உறுப்பினர் பாரெட் கொண்டுவந்த மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது; ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போடாததால் செத்தது. மாநிலம் தொடுத்த வழக்கும் நிற்கவில்லை.

கடைசியில் 1950 செப்டம்பரில் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம், நினைவுச்சின்னத்தின் பெரும்பகுதியை கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவோடு சேர்த்தது. ராக்ஃபெல்லர் அதற்கு முந்தைய ஆண்டே 33,000 ஏக்கருக்கு மேல் அரசுக்குக் கொடுத்துவிட்டார். அந்தச் சட்டத்தின் பிரிவுகளைத் தயவுசெய்து ஒருமுறை வாசியுங்கள். கவுன்டி இழக்கும் வரிக்கு ஈடு உண்டு. ஏற்கெனவே மேய்த்துவந்தவர்களுக்கும் அவர்களுடைய நேரடி வாரிசுகளுக்கும் மேய்ச்சல் உரிமை உண்டு. வயோமிங்கில் இனி காங்கிரஸின் ஒப்புதல் இல்லாமல் எந்த அதிபரும் தேசிய நினைவுச்சின்னம் அறிவிக்க முடியாது. பண்ணைக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இதில் ஒன்றுகூட வந்திருக்காது.

ஹான்சன் 1963-இல் கவர்னரானார். 1967 முதல் 1978 முடியும் வரை செனட்டில் இருந்தார். அங்கே அவர் செய்ததில் உங்களுக்கு இன்றும் சோறு போடுவது ஒன்று உண்டு. கூட்டாட்சி நிலத்தில், அதாவது வாஷிங்டன் அரசின் நிலத்தில், தோண்டும் கனிமங்களுக்கான ராயல்டியில் மாநிலத்தின் பங்கு 37.5 சதவீதமாக இருந்தது. அதை 50 சதவீதமாக்க முன்னின்று உழைத்தவர்களில் அவர் ஒருவர். அதற்கு வழிசெய்த மசோதாவை 1976-இல் தன் கட்சி அதிபர் ஃபோர்டே வீட்டோ செய்தபோது, காங்கிரஸ் அந்த வீட்டோவை முறியடித்தது.

ஆனால் நான் அவரை மதிப்பதற்கு முதல் காரணம் வேறு. டீட்டன் பூங்காவை எதிர்த்தது தவறு, அந்தச் சண்டையில் தோற்றதே நல்லது என்று அவர் பிற்காலத்தில் ஊரறியச் சொன்னார். கிடாரிகளை ஓட்டிப் போன அதே மனிதர், தேர்தலில் நின்று ஜெயித்த மனிதர், தன் சொந்த ஊர்க்காரர்களைப் பார்த்து அதைச் சொன்னார். எனக்குத் தெரிந்து இப்படிச் சொன்ன அரசியல்வாதிகள் மிகக் குறைவு.

இப்போது நடப்பது என்னவென்றால், ஆளுக்குப் பாதி ஹான்சனை வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள். நிலத்தையெல்லாம் வாஷிங்டனிடமிருந்து பிடுங்க வேண்டும் என்பவர்கள் 1943-இன் குதிரை ஊர்வலத்தை மட்டும் சொல்கிறார்கள். இயற்கைப் பாதுகாப்பு இயக்கத்தார், அவர் மனம் மாறியதை மட்டும் சொல்கிறார்கள். இரண்டு பேரும் 1950-ஐத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஹான்சனின் மகள் மேரி மீட் 1996-இல் பண்ணையில் குதிரை விபத்தில் இறந்தபோது, பூங்காவுக்குள் அந்தக் குடும்பத்தின் மேய்ச்சல் உரிமை என்னாகும் என்ற கேள்வி வந்தது. மறு ஆண்டே காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு மேய்ச்சலை நீட்டித்து, மேய்ச்சலுக்கும் பள்ளத்தாக்கின் திறந்தவெளிக்கும் உள்ள தொடர்பை ஆராயச் சொன்னது. கோடை மேய்ச்சல் போனால் பண்ணை நிற்காது. பண்ணை போனால் புல்வெளி வீட்டு மனையாகும். டீட்டன் கவுன்டியில் ஏறக்குறைய 97 சதவீதம் அரசு நிலம். மிச்சமுள்ள தனியார் நிலத்தில்தான் பண்ணைகளின் புல்வெளிகளும் இருக்கின்றன, கோடீஸ்வரர்களின் கண்ணும் இருக்கிறது. மாடும் பூங்காவும் பகையாளிகள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

பூங்காவை ஒட்டிய கெல்லி நிலத்தின் விஷயத்தில் நீங்கள் நன்றாகவே நடந்துகொண்டீர்கள். பள்ளிகளுக்காக ஒதுக்கப்பட்ட அந்த 640 ஏக்கரை 2023-இல் ஏலத்துக்கு விடப் பார்த்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள். நீங்கள் வழி விட்டீர்கள். 2024 டிசம்பரில் 10 கோடி டாலருக்கு அது பூங்காவுக்கே போனது. புரோங்ஹார்ன் மான்கள் வலசை போகும் தடமும் தப்பியது, பள்ளிக்கூடங்களுக்கும் பணம் வந்தது. மனம் நிறைந்து நன்றி சொல்கிறேன். ஆனால் அடுத்த மாதமே, 2025 கூட்டத்தொடரில், கூட்டாட்சி நிலங்களை மாநிலத்துக்கு மாற்றச் சொல்லும் தீர்மானம் உங்கள் மாநில செனட்டுக்கு வந்தது. தோற்றது, சரி. திரும்ப வரும் என்று உங்களுக்கும் தெரியும்.

வரும்போது மூன்று காரியம் செய்யக் கேட்கிறேன். 1950 சட்டத்தை எடுத்துக் குழுவின் மேசையில் வையுங்கள். மாநிலத்திடம் வரும் நிலம் பிறகு ஏலத்துக்குப் போகாது என்பதற்கு என்ன உறுதி என்று, தீர்மானம் கொண்டுவருபவரிடம் பதிவில் ஏறும்படி கேளுங்கள். வாக்கெடுப்புக்கு முன், அந்த நிலத்தில் இன்று மாடு மேய்ப்பவர்களையும் வேட்டைக்காரர்களையும் பூங்கா நிர்வாகத்தையும் ஒரே நாளில், ஒரே அறையில் உட்காரவைத்துக் கேளுங்கள். 1943-இல் அது நடக்கவில்லை.

மரியாதையுடன்,
உங்கள் மாநிலத்துக்கு வெளியே இருந்து ஒரு நண்பன்