நீ அனுப்பிய பெட்டி

உவரி,
ஞாயிறு இரவு

மாப்ள,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி மட்டும் விடவில்லை. ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். இதைப் போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். நீ பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

உன் மருமகன் பத்திரமாகக் கரைக்கு வந்துவிட்டான். இதை முதலில் மனதில் போட்டுக்கொள். போனது வள்ளத்தின் என்ஜின்தான்.

வியாழக்கிழமை காலை நடந்தது. கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. வள்ளத்தில் ஐந்து பேர், நனைந்த வலை, ஐஸ், ஓரளவு நல்ல மீன்பாடு. ஏலத்துக்கு முந்திவிட வேண்டும் என்று முழு வேகத்தில் முறுக்கி வந்திருக்கிறான். நடுவழியில் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம் கேட்டதாம். அந்த நிமிடமே கையைத் தளர்த்தியிருந்தால் தப்பியிருக்கும். அவன் தளர்த்தவில்லை. கொஞ்ச நேரத்தில் புகை, அப்புறம் மோட்டார் நின்றுவிட்டது. கூத்தங்குழி வள்ளம் ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்தது. அவன் தலை தெரிகிற வரைக்கும் உன் அக்கா அந்தோணியார் கோவில் பக்கத்து மணலில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை என்ஜினின் ஹெட்டைக் கழற்றினேன். ஒன்றாவது, மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் இரண்டும் லேசான பழுப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அதன் மேல் கடுகைவிடச் சின்னதாக நாலைந்து அலுமினிய மணிகள். டார்ச்சை உள்ளே அடித்தால், பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்க விளிம்பு எலி கொறித்த தேங்காய்ச் சில் மாதிரி இருந்தது. என் சுண்டுவிரல் நுனி அதில் போயிற்று. முப்பது வருஷத் தொழிலில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிஸ்டனுக்கு மேலே ஐந்து உயிர் உட்கார்ந்து வந்தது என்று நினைத்தபோது கை கொஞ்சம் நடுங்கியது.

பிறகுதான் கவருக்குள் நீ அனுப்பிய பெட்டியைப் பார்த்தேன். கறுப்பு டேப் சுற்றி, ஒயரோடு ஒயராக மறைத்து வைத்திருந்தான். கண்ணில் பட்டால் பிடுங்கி எறிந்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஷார்ஜாவிலிருந்து ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே! இரண்டு நாள் உன் மேல் இருந்த கோபத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

அந்தப் பெட்டி சென்சாருக்கும் ஈசியூவுக்கும், அதாவது பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கணக்குப் பண்ணுகிற கம்ப்யூட்டருக்கும், நடுவே உட்கார்ந்துகொண்டு ஈசியூவிடம் பொய் சொல்கிறது. பொய்யை நம்பி ஈசியூ ஸ்பார்க்கை முன்கூட்டியே விடுகிறது. நல்ல பெட்ரோல், சரியான அளவு, லேசான சுமை என்றால் கொஞ்சம் சக்தி கூடத்தான் செய்யும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று சிலிண்டரில் ஒன்று மட்டும் ஏன் போயிற்று? இது என்னைத் தூங்கவிடவில்லை. இன்ஜெக்டர் மூன்றையும் எடுத்துக்கொண்டு நேற்று திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன். கார் இன்ஜெக்டர் சோதிக்கிற கடையில் மூன்றையும் மாட்டிக் கண்ணாடிக் குழாயில் பீய்ச்சவிட்டார்கள். ஒன்றும் மூன்றும் ஒரே மட்டம். இரண்டாவது ஒரு விரற்கடை குறைவு. அடைப்பு!

கேனில் பெட்ரோலை வெயிலில் வைக்கிறார்கள். இப்போது பங்கில் ஊற்றுகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது கடற்காற்றின் ஈரத்தைக் குடிக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து கேனின் அடியில் தங்கும். போதாததற்கு, ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலப்பு கூடினால் அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும் என்று அர்த்தம். அந்த சிலிண்டர் ஏற்கெனவே பட்டினி, பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். பட்டினி கிடந்தவன் முதுகில் உன் பெட்டி ஏறி உட்கார்ந்தது.

இதோடு முடியவில்லை. புரொப்பல்லரைத் திருப்பிப் பார்த்தேன். பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு அது முன்னேறுகிற அங்குலக் கணக்கு, 11 இருக்க வேண்டிய இடத்தில் 14! வேகம் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். (யார் என்று உனக்குத் தெரியும், நம் சோடா மாமாதான்.) முழு திராட்டிலில் இந்த என்ஜின் 5000 முதல் 6000 ஆர்பிஎம்மில் ஓட வேண்டும். சரக்கு ஏற்றினால் 4600க்கு மேல் ஏறுவதே இல்லை என்று பையனே சொல்கிறான். முறுக்கு விசையை ஆர்பிஎம்மால் பெருக்கினால்தானே ஹெச்பி? 5500இல் 40 கொடுக்கிற என்ஜின், அதே முறுக்கோடு 4600இல் கொடுப்பது ஏறக்குறைய 33தான். கையில் இருந்த 40ஐயே அவன் ஒரு நாளும் ஓட்டவில்லை மாப்ள! ஏழு ஹெச்பியைப் புரொப்பல்லரில் தொலைத்துவிட்டு, பெட்டியில் தேடியிருக்கிறான்.

பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறுகிற பஸ்ஸை டாப் கியரிலேயே ஓட்டினால் என்ன ஆகும்? அதைத்தான் தினமும் செய்திருக்கிறான். மலை ஏறின பஸ் இறக்கத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளும். கடலில் ஏது இறக்கம்? காரில் ஓடுகிற வித்தையெல்லாம் வள்ளத்தில் ஓடாததற்கு இதுதான் காரணம்.

இப்போதும் அவனுக்கு 60 ஹெச்பி வேண்டும். அதே 941 சிசி பிளாக்கை 40, 50, 60 என்று மூன்று விதமாக விற்கிறார்களே என்று கேட்கிறான். கேள்வி சரிதான், எனக்கும் அதைச் செய்து பார்க்க ரொம்ப நாள் ஆசை. ஆனால் செய்தால் முறையாகச் செய்ய வேண்டும். இரண்டின் பாகப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, எண்ணுக்கு எண் ஒப்பிட்டு, எது எது வேறு என்று பார்த்து அத்தனையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஈசியூவை மட்டும் ஏமாற்றினால் இப்படித்தான் வரும். வள்ளத்தின் பின்பலகை 60ஐத் தாங்குமா என்பதும் இருக்கிறது.

தற்போதைக்கு 40ஐ உயிர்ப்பிக்கிறேன். சிலிண்டர் சுவரில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை, ஹோனிங் (சுவரை லேசாகத் தேய்த்துவிடுவது) போதும். ஆயிலை வடித்தால் வெள்ளித்தூள் மின்னியது, அதனால் கீழே பேரிங் வரைக்கும் பிரித்துத்தான் ஆக வேண்டும். நீ அங்கிருந்து தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் ஒன்று, 10 மைக்ரான், அப்புறம் 11 பிட்ச் புரொப்பல்லர் ஒன்று அனுப்பு. பிஸ்டன், ரிங், பேரிங் செலவு உன் கணக்கு. என் கூலி வேண்டாம். இந்த என்ஜினுக்காக அக்கா அடகு வைத்த சங்கிலி இன்னும் மீளவில்லை. அவளிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்க எனக்கு வாய் வராது, நீயும் கேட்காதே.

பையனைத் திட்டாதே. மூன்று நாளாகப் பட்டறையில்தான் இருக்கிறான், நட்டைக் கழுவித் துடைத்து வரிசையாக வைக்கிறான். டார்ச்சைப் பிடிக்கச் சொன்னால் அசையாமல் பிடிக்கிறான். நீ பிடித்ததைவிட நன்றாகவே.

பெட்டி என்னிடம் இருக்கிறது. நீ ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்.

புரொப்பல்லரில் ஸ்பிளைன் (உள்துளையில் இருக்கிற பல்) எண்ணிக்கையைப் பார்த்து வாங்கு. பழையதின் போட்டோ நாளைக்கு அனுப்புகிறேன்.

உன்,
மாப்ள