சுவரில் ஒலித்த ஒற்றைக் குரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக வானொலி நாளையொட்டி வெளிவரும் கட்டுரைகளில் மாஸ்கோ வானொலியின் தமிழ் ஒலிபரப்பைப் பற்றிய இனிய நினைவுகளைப் படிக்கிறேன். சிற்றலையில் அதைத் தேடிப் பிடித்துக் கேட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் அந்த நினைவுகளைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆயினும், உலகின் பல மொழிகளில் பேசிய அந்தச் சோவியத் அரசு தன் சொந்த மக்களை எதைக் கேட்க விட்டது என்பதையும் சேர்த்து எழுதுவதே நியாயம்.

சோவியத் வீடுகள் பலவற்றில் வானொலி என்பது கம்பி வழியாக இயங்கிய சுவர் ஒலிபெருக்கிதான். ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். பல்லாண்டுகள் வரை நிலையத்தை மாற்ற வழியே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகள் முற்றுகையிட்ட லெனின்கிராடில் அதே கருவி விமானத் தாக்குதலை எச்சரித்து உயிர்களைக் காத்தது என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் போர் முடிந்த பிறகும் அரசு மக்களை நம்பவில்லை. 1940களின் இறுதி முதல் பிபிசி, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஆகிய மேற்கத்திய வானொலிகளின் ரஷ்ய ஒலிபரப்புகள் மக்கள் காதில் விழாதபடி அதே அலைவரிசைகளில் இரைச்சலை ஏவியது; 1963இல் சற்றே தளர்த்திய அந்தத் தடையை, செக்கோஸ்லோவாகியாவுக்குள் சோவியத் தலைமையிலான படைகள் நுழைந்த 1968 ஆகஸ்டில் மீண்டும் இறுக்கியது. 1983இல் மாஸ்கோ வானொலியின் ஆங்கில அறிவிப்பாளர் விளாதிமிர் தான்செவ், ஆப்கானிஸ்தானில் இருந்த சோவியத் படையினரை ஆக்கிரமிப்பாளர்கள் என்று ஒலிபரப்பில் குறிப்பிட்டதற்காகப் பணியிலிருந்து நீக்கப்பட்டு மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

இந்த முறையின் கொடுமை முழுமையாகத் தெரிந்தது, இன்றைய உக்ரைனில் உள்ள செர்னோபில் அணுமின் நிலையத்தில்தான். 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் அணு உலை வெடித்தது. மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்த ப்ரிப்யாட் நகர மக்கள் அன்று முழுவதும் வழக்கம்போல் வெளியே நடமாடினார்கள். வெளியேறச் சொல்லும் அறிவிப்பு மறுநாள்தான் கம்பி வானொலியில் வந்தது. நாட்டு மக்களுக்கோ, ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் கதிரியக்கம் கண்டறியப்பட்ட பிறகு, 28ஆம் தேதி இரவில் சில வரிகள் மட்டுமே சொல்லப்பட்டன. மே 1 அன்று உக்ரைனின் தலைநகரான கீவ் நகரில் குழந்தைகளும் ஊர்வலத்தில் நடந்தார்கள். சுவரில் ஒலிபெருக்கி இருந்தும் அவர்களின் பெற்றோருக்கு உண்மையைச் சொல்ல ஒரு குரல்கூட இல்லாமல் போனதை நினைக்கையில் இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

மாஸ்கோ வானொலியின் பழைய நேயர்களிடம் நினைவுகளைக் கேட்டு வெளியிடும்போது, அந்தச் சுவர் ஒலிபெருக்கியின் வரலாற்றையும் உடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.